வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்களிடம் அவர்கள் வாழ்க்கையை எப்படிக் கேட்பது?

தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். தம் ஊரில் பலவகைத் தொழில் செய்து ஓய்ந்திருக்கும் பெரியவர்களின் அனுபவங்களைக் கைப்பேசியில் பதிவுசெய்து வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவரிடமும், பல ஆண்டுகள் பீடி சுற்றிய மூதாட்டி ஒருவரிடமும் பேசிப் பார்த்திருக்கிறார். "ஏதோ ஓடிப் போச்சுப்பா, கடவுள் புண்ணியத்துல பிள்ளைகளைக் கரையேத்தியாச்சு" என்பதற்கு மேல் இருவரும் எதுவும் சொல்லவில்லை. எப்படிக் கேட்டால் மனம்விட்டுப் பேசுவார்கள் என்கிறார்.

அந்தப் பெரியவர்கள் உங்களிடம் எதையும் ஒளிக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "உங்கள் வாழ்க்கை அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது, எழுபது ஆண்டுகளை அந்த நிமிடத்திலேயே திரட்டி ஒரு முடிவாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்கள் தலையில் விழுகிறது. அப்படித் திரட்டினால் யாருக்கும் ஒரு வரிதான் மிஞ்சும். வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் நெடுங்காலம் ஈடுபட்டவன் என்ற முறையில் எனக்கு உறுதிப்பட்ட செய்தி இது: வாழ்க்கையைப் பற்றி நேராகக் கேட்டால் அது வருவதில்லை, வேலையைப் பற்றி, அதுவும் ஒரு குறிப்பிட்ட நாளின் வேலையைப் பற்றி, கை எங்கே இருந்தது, கூலியை யார் எண்ணிக் கொடுத்தார்கள், சாப்பாடு எப்போது என்று கேட்டால், குடும்பமும் கடனும் சாதியும் காதலும் அச்சமும் அதன் பின்னாலேயே வந்துவிடுகின்றன.

மதுரையில் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்த ஒரு பெரியவரோடு நடந்த உரையாடலைச் சொல்கிறேன். அச்சகத் தொழில் எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்டதற்கு, "அந்தக் காலத்துல ஒரு மரியாதை இருந்தது, கம்ப்யூட்டர் வந்து எல்லாம் போச்சு" என்று முடித்துக்கொண்டார். பிறகு 1978ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டேன். அந்த ஆண்டு அக்டோபரில்தான் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. பெரியார் 1935 முதல் குடிஅரசு இதழில் கையாண்ட வடிவங்களை ஒட்டி, ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் கைவிடப்பட்டன. படிப்பவர்களுக்கு அது சில மாதங்களில் கண்ணுக்குப் பழகிவிட்ட மாற்றம். அச்சுக்கோப்பவருக்கு அப்படியில்லை. அவர் முன்னால் இருக்கும் கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் ஒவ்வோர் ஈய எழுத்துக்கும் தனி அறை உண்டு. கண் கையெழுத்துப் படியில் இருக்க, வலது கை பார்க்காமலே போய் எழுத்தை எடுத்துவர, இடது கையில் இருக்கும் ஸ்டிக் என்ற கோப்புச் சட்டத்தில் வரி தலைகீழாகச் சேர்ந்துகொண்டே வரும். தும்பிக்கை வளைந்த பழைய லை ஒரே அச்சு. புதிய லைக்கோ ஐகாரக் குறி ஒன்று, லகரம் ஒன்று என்று இரண்டு முறை கை போக வேண்டும்.

இதைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த அறையெல்லாம் ரொம்ப நாள் காலியாத்தான் கெடந்துச்சு தம்பி, கை மட்டும் பழைய இடத்துக்கே போகும்" என்றார். அங்கிருந்து பேச்சு தானாக நீண்டது. அச்சடித்து முடிந்த பக்கத்தைக் கலைத்து எழுத்துகளை அந்தந்த அறைக்குள் திரும்பப் போடும் வேலையைப் புதிதாகச் சேர்ந்த பையன்களிடம் கொடுத்துத்தான் தொழிலைப் பழக்கினார்கள் என்பதும், கோத்து வைத்த பக்கம் ஒருமுறை கைதவறிச் சிதறியதால் தேர்தல் நோட்டீஸ் ஒன்றுக்காக விடியவிடியப் பொறுக்கிக் கோத்ததும், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட தாம் புலவர்களின் பிழையைப் புரூப் என்ற திருத்தப் படியில் சுட்டிக்காட்டத் தயங்கிப் பேசாமல் இருந்ததும், மகனை ஒருநாளும் அச்சகத்துக்குள் நுழையவிடாததற்கான காரணமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான் கேட்டது ஓர் எழுத்து இருந்த அறையைப் பற்றி மட்டுமே.

இந்த வழியில் மிகுந்த பெயர் பெற்றவர் சிகாகோவின் ஸ்டட்ஸ் டெர்கல். 1952 முதல் 1997 வரை அந்நகரின் டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலியில் உரையாடல் நிகழ்ச்சி நடத்திய அவர், கல்கொத்தர், உணவகப் பணிப்பெண், குழிவெட்டுபவர், கார்த் தொழிற்சாலையில் பற்றவைப்பவர், தொலைபேசி இணைப்பாளர் என்று நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் அவர்கள் வேலையைப் பற்றிப் பேசி, அந்தப் பேச்சுகளை 1974இல் நூலாக வெளியிட்டார். டேப் ரெக்கார்டரைச் சரியாகக் கையாளத் தெரியாமல் தாம் தடுமாறியதையும், எதிரில் இருந்தவர் உதவிக்கு வந்ததால் அவருடைய கூச்சம் போனதையும் டெர்கலே சொல்லியிருக்கிறார். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வேலை செய்தவர்தான் அந்த வேலையை அறிந்தவர். கேட்பவர் கற்றுக்கொள்ள வந்தவர். இந்த நிலையைப் பேச்சில் சொல்லிப் பயனில்லை, நடந்துகொள்ளும் விதத்தில் தெரிய வேண்டும். ஆகவே கேள்விகளை அச்சடித்து எடுத்துப் போய் வரிசையாக வாசிக்காதீர்கள். அதற்கு முன்பாக அந்தத் தொழிலைப் பற்றித் தெரிந்துகொள்ளக்கூடிய அனைத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். ஒன்றும் தெரியாதவரிடம் தொழில்காரர் அரிச்சுவடியைத்தான் சொல்லுவார். கொஞ்சம் தெரிந்தவரிடம்தான் நுணுக்கத்துக்குப் போவார்.

நீங்கள் பேசிய மூதாட்டியைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர்ப் பெண்களிடம் "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "நான் வேலைக்கெல்லாம் போகல, வீட்லதான் இருந்தேன்" என்ற பதில்தான் வரும். முப்பது நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றி, அந்த வருமானத்தில் குடும்பம் நடத்தியவர்களும் இப்படியே சொல்கிறார்கள். திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் பீடி வேலை வீட்டுத் திண்ணையில் நடப்பதால், சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் நடுவே அது கரைந்துபோய்விடுகிறது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளர் என்று ஏற்றது. அவர்களோ தங்களை அப்படி எண்ணிப் பார்த்ததே இல்லை. ஆகையால் அவரிடம், "ஆச்சி, இலையை எப்ப ஊறப் போடுவீங்க? ராத்திரியா, விடியக்காலமா?" என்று தொடங்குங்கள்.

அந்த ஒரு கேள்வியில் ஒரு நாள் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஊறிய இலையைத் துடைத்து, அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும்; மடியில் சொளகை (முறத்தை) வைத்துக்கொண்டு, இலையில் புகையிலைத் தூளைப் பரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடித்து அடக்க வேண்டும்; பிறகு கட்டுகளாக்கிக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. அங்கேதான் நீங்கள் கேட்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. கொடுத்த இலை மட்டமாக இருந்து ஆயிரத்துக்குப் போதாமல் போனால் என்ன செய்தார்கள், சொந்தக் காசில் இலை வாங்கி ஈடுகட்டினார்களா, கடைக்காரர் எத்தனை பீடியைக் கழித்தார், கழித்த பீடி எங்கே போனது, பீடிக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகம் யார் பெயரில் இருந்தது, ஒருவர் பெயரில் இருந்த புத்தகத்துக்கு வீட்டில் எத்தனை பேர் சுற்றினார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளுக்கு எத்தனை பீடி என்று கணக்கு வைத்தார்கள் என்றெல்லாம் கேளுங்கள். மகளின் படிப்பு எந்த வகுப்போடு நின்றது என்பதை நீங்கள் கேட்கத் தேவையே இருக்காது. இந்தப் பேச்சின் போக்கில் அவரே சொல்லிவிடுவார். வேலை உடம்பில் விட்டுப்போன தடங்களைப் பற்றியும் கேளுங்கள். குனிந்தே இருந்த முதுகும், தூளின் நெடியில் வந்த இருமலும், கத்தரி பிடித்த விரலின் காய்ப்பும் அவர் யாரிடமும் விரிவாகச் சொல்லியிருக்காத செய்திகள். ஒரு சொளகையும் வெற்று இலையையும் கையில் கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொன்னால், வாய் மறந்ததைக் கை நினைவுபடுத்துவதை நீங்களே பார்க்கலாம்.

அடுத்தது, கேட்பவர் யார் என்பது. கேள்வி எவ்வளவு நன்றாக இருந்தாலும், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறிவிடும். அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, கூட்டரசின் எழுத்தாளர் திட்டத்தின் கீழ், அடிமைகளாகப் பிறந்து அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களிடம் 2,300க்கும் மேற்பட்ட வாழ்க்கை வாக்குமூலங்கள் திரட்டப்பட்டன. அவற்றில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த ஒரு மூதாட்டியை இருவர் தனித்தனியே சந்தித்திருக்கிறார்கள். ஒருவர் வெள்ளைக்காரப் பெண். அவரை நிவாரண அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று எண்ணிக்கொண்ட மூதாட்டி, தம் எஜமானர் நல்லவர் என்று பேசினார். இன்னொருவரான கறுப்பினத்தவர் போய்க் கேட்டபோதோ, சவுக்கடியையும் குடும்பங்களைப் பிரித்து விற்றதையும் சொன்னார். அதே ஆள், அதே வாழ்க்கை. வரலாற்றாசிரியர்கள் இந்த இரண்டு பதிவுகளையும் இன்றுவரை அருகருகே வைத்துப் படிக்கிறார்கள்.

உங்கள் ஊரில் இது எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் வந்து வயதையும் பிள்ளைகளையும் விசாரித்தால், முதியோர் உதவித்தொகைக்காக வந்திருக்கிறார் என்றுதான் பலரும் நினைப்பார்கள். வருமானத்தைக் குறைத்துச் சொல்லுவார்கள், கவனித்துக்கொள்ளும் மகனையும் கவனிப்பதில்லை என்பார்கள். அதுபோலவே "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலிலேயே உங்கள் தெருவும் சாதியும் அவருக்குத் தெரிந்துவிடும். உங்கள் தாத்தாவின் வயலில் கூலிக்கு நின்றவர் ஒருவரிடம் அந்தக் கூலியைப் பற்றி நீங்கள் கேட்டால், உண்மையான பதில் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அத்தகைய உரையாடலை அவர் வீட்டுப் பேரனோ பேத்தியோ நடத்தட்டும். நீங்கள் கருவியைக் கொடுத்து உதவுங்கள். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 2003இல் ஒரு சிறு பதிவறையோடு தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பு இந்த ஏற்பாட்டையே அடிப்படையாகக் கொண்டது. ஒருவரை ஒருவர் நன்கு அறிந்த இருவர் 40 நிமிடம் தனியே அமர்ந்து பேசுகிறார்கள். அவர்கள் சம்மதித்தால் பதிவின் ஒரு படி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகிறது. அதே சமயம், சொந்தப் பிள்ளைகளிடம் சொல்லமுடியாததை வெளியாளிடம் சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், இதில் எல்லோருக்கும் பொருந்தும் விதி கிடையாது. அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். கணவர் பக்கத்தில் இருந்தால் மனைவியின் கூலிக்கணக்கை அவரே சொல்லத் தொடங்கிவிடுவார்.

நினைவு பிழைபடுமே, பெரியவர்கள் சொல்வதை எப்படி நம்புவது என்ற ஐயம் உங்களுக்கு எழும். இத்தாலியின் டெர்னி நகரில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் இதை வேறுவிதமாகப் பார்ப்பீர்கள். லூயிஜி டிரஸ்துல்லி என்ற 21 வயது எஃகாலைத் தொழிலாளி, இத்தாலி நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்வதற்கான வட அட்லாண்டிக் ஒப்பந்தத்தை எதிர்த்து 1949 மார்ச் 17 அன்று நடந்த ஆர்ப்பாட்டத்தில் காவல்துறையுடன் ஏற்பட்ட மோதலில் கொல்லப்பட்டார். அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் கழித்து அந்நகரத் தொழிலாளர்களிடம் பேசியபோது, அவர்களில் பலர் அந்த மரணம் 1953இல் பெருந்தொகையான ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த தெருப் போராட்டத்தில் நிகழ்ந்தது என்று சொன்னார்கள். போர்ட்டெல்லி இதை முதுமையின் மறதி என்று தள்ளிவிடவில்லை. தோழன் ஒருவன் செத்தும் எதிர்த்து எதுவும் செய்யமுடியாமல் போன அவமானம் அவர்களை உறுத்தியிருக்கிறது. ஊரே திரண்டு எழுந்த ஒரு போராட்டத்தோடு அந்தச் சாவைச் சேர்த்துவைத்தபோதுதான் அதற்கு ஓர் அர்த்தம் கிடைத்தது என்று அவர் விளக்கினார். எனவே ஆண்டு தவறாகச் சொல்லப்பட்டால் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். சொன்னதைச் சொன்னபடியே வையுங்கள். சரியான ஆண்டைக் குறிப்பாகத் தனியே எழுதுங்கள். ஏன் இப்படி நினைவில் நின்றது என்பதைப் பிறகு நிதானமாக யோசியுங்கள். ஆண்டைக் கண்டறிய வேண்டிய இடத்தில் எண்ணைக் கேட்காமல் நிகழ்ச்சியைக் கேளுங்கள். தனுஷ்கோடி புயல் அடித்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா, எம்.ஜி.ஆர். இறந்த அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் 1964 டிசம்பரும் 1987 டிசம்பரும் தாமாகப் பிடிபட்டுவிடும்.

கருவிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. கைப்பேசியே போதும், அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் போட்டு, பேசுபவருக்கு ஒரு முழத் தொலைவில் மெத்தென்ற துணிமேல் வையுங்கள், இன்னொரு கருவியிலும் பதிவாகட்டும். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள். பதிவின் தொடக்கத்திலேயே தேதியையும் ஊரையும் பேசுபவர் பெயரையும் உங்கள் பெயரையும் வாயால் சொல்லிவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பெரியவர்களை உட்காரவைக்க வேண்டாம்; மறுநாள் போகலாம். இரண்டாம் சந்திப்பில், "நேத்து ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு" என்று அவர்களே தொடங்குவது பெரும்பாலும் முதல் நாள் பேச்சைவிட மதிப்புடையதாக இருக்கும். பேச்சு நின்றுபோகும் இடங்களில் அடுத்த கேள்வியை உடனே போட்டு நிரப்பாதீர்கள்.

எழுத்தாக்கம்தான் உண்மையில் கடினமான வேலை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரமாவது ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்த அலுப்பில் "நான் அதிகாலையில் எழுந்து பணிக்குச் செல்வேன்" என்று எழுதிவிடத் தோன்றும். அவர் சொன்னது "கோழி கூப்பிட எந்திச்சிருவேன்" என்பதாக இருக்கும். பேச்சை உரைநடையாக்கிவிட்டால், ஆச்சி இருந்த இடத்தில் செய்தித்தாள் நிருபர் ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுவார். வட்டார வழக்கை அப்படியே எழுதுங்கள். வெளியூர்க்காரருக்குப் புரியாத சொல்லுக்கு மட்டும் அடியில் பொருள் கொடுங்கள்.

சம்மதத்தைப் பொறுத்தவரை நான் கண்டிப்பானவன். பதிவுசெய்யத் தொடங்கும்போது கேட்கும் அனுமதி போதாது, ஏனென்றால் தாம் என்னவெல்லாம் சொல்லப்போகிறோம் என்று அப்போது அவருக்கே தெரியாது. எழுதி முடித்தபின் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டி, எதை நீக்க வேண்டும், எதை இப்போதைக்கு வெளியிடாமல் வைக்க வேண்டும், தம் பெயர் இருக்கலாமா என்று மறுபடியும் கேளுங்கள். அவர் பேச்சில் வரும் மற்றவர்கள் உங்களுக்குச் சம்மதம் தரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். முதலாளியைப் பற்றியோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியோ சொன்னதை அவர்கள் அடையாளம் தெரியாதபடி ஆக்குவது உங்கள் பொறுப்பு. ஒலிப்பதிவின் ஒரு படியை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள். பொதுவில் வைக்கச் சம்மதம் கிடைத்த பதிவுகளைத் தனி ஆளின் கைப்பேசியில் வைத்திருக்காமல் ஓர் ஆவணகத்தில் சேர்ப்பதே பாதுகாப்பு. இலங்கைத் தமிழர்களின் ஆவணங்களைப் பேண 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம், நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்துவருவது நமக்கெல்லாம் நல்ல முன்மாதிரி.

இனி நீங்கள் பேசிய நடத்துநர். உங்கள் இடத்தில் இருந்தால், "அண்ணாச்சி, முத நாள் டூட்டி எந்த ரூட்டு?" என்று தொடங்கியிருப்பேன். டிக்கெட் கட்டுகளை எந்த வரிசையில் அடுக்கி வைத்தார், நோட்டுகளை விரலிடுக்கில் எப்படி மடித்துப் பிடித்தார், கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டே ஸ்டேஜ் ஸ்டேஜாக டிக்கெட் எண்ணை எழுதியது எப்படி, செக்கிங் ஏறியபோது நெஞ்சு என்ன பாடுபட்டது, இரவு எண்ணும்போது காசு குறைந்தால் யார் பொறுப்பு, கடைசி வண்டி போய் நின்ற ஊரில் எங்கே படுத்தார், எத்தனை பொங்கலும் தீபாவளியும் வீட்டில் கழிந்தன என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பேன். அவர் வேலைபார்த்த காலத்தைப் பொறுத்து, உங்கள் பகுதி வண்டிகளில் இருந்த கட்டபொம்மன் பெயர் 1997இல் நீங்கியதையும் அவர் கண்டிருக்கக்கூடும். ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு, தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தவர் போற்றும் வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதை ஒட்டித் தென்மாவட்டங்களில் அவ்வாண்டு மூண்ட சாதிக் கலவரத்துக்குப் பிறகுதான், கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றின் பெயரிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்தது. அந்த மாதங்களில் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு சாதியாரை ஒரே வண்டியில் ஏற்றி இறக்கியவர் அவர். எந்த ஊரில் வண்டி நிற்கவில்லை, எந்த நிறுத்தத்தில் கல் வந்தது, வீட்டில் புறப்படும்போது மனைவி என்ன சொன்னார் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். ஆனால் முதல் சந்திப்பிலேயே அதைக் கேட்டுவிட வேண்டாம். ரூட்டையும் டிக்கெட் கட்டையும் பற்றி அவர் அலுக்காமல் சொல்லி முடித்து, நீங்கள் கவனமாகக் கேட்பவர் என்று அவருக்குத் தோன்றிய பிறகு, இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ கேளுங்கள்.